பஞ்சத்துக்கு வானம் மட்டுமா பொறுப்பு?

"பஞ்சம் ஏன் ஏற்படுகிறது?" என்று தேர்வில் ஒரு கேள்வி வந்தால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? "மழை பொய்த்தது, அல்லது வெள்ளம் வந்தது, அதனால் பயிர் அழிந்தது, அதனால் உணவு போதாமற் போயிற்று, அதனால் மக்கள் மடிந்தனர்" என்று எழுதி முடித்து விடுவீர்கள். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

இந்த விடையில் மூன்று 'அதனால்'கள் இருக்கின்றன. முதல் 'அதனால்' வேளாண் அறிவியலைச் சேர்ந்தது. இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது. மூன்றாவது 'அதனால்' எதைச் சேர்ந்தது? உணவு குறைந்தால் மக்கள் சாவார்கள் என்பது சொல்லாமலே விளங்கும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த மூன்றாவது 'அதனாலை' எடுத்து வைத்துக்கொண்டு, அது சரிதானா என்று சோதித்த நூல் ஒன்று உண்டு. அமர்த்தியா சென் எழுதி 1981-இல் வெளிவந்த 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற ஆங்கில நூலே அது. 1998-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பலரும் முதலில் குறிப்பிட்ட நூல்களுள் இதுவும் ஒன்று.

பொருளாதார நூலுக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புயல், வெள்ளம், வறட்சி, வெப்ப அலை ஆகியவற்றைப் பற்றி நாம் இன்று மிகுதியாகப் பேசுகிறோம். காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே பெருமழைகள் இன்னும் பெரிதாகும். இத்தகைய காலத்தில் இயற்கைச் சீற்றத்துக்கும் மனிதப் பட்டினிக்கும் உள்ள தொடர்பைத் தவறாகப் புரிந்துகொண்டால், தவறான இடத்தில் உதவியைக் கொண்டுபோய்க் கொட்டுவோம். அந்தத் தவற்றுக்கு விலை உயிர்களாகவே இருக்கும். எனவே இந்நூலை அறிவியல் மாணவர் கண்ணோட்டத்தில் ஒருமுறை பரிசீலிப்போம். அதன் வலிமையையும் பார்ப்போம். அது சறுக்கும் இடங்களையும் பார்ப்போம்.

நூலின் மையக் கருத்து

ஊரில் உணவு இருப்பது வேறு. உங்கள் கைக்கு உணவு வருவது வேறு. சென்னின் கருத்து முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

ஒருவர் நான்கு வழிகளில் உணவைப் பெறலாம். தாமே விளைவித்துக் கொள்ளலாம். தம்மிடம் உள்ள பொருளை விற்று வாங்கலாம். உழைத்துக் கூலி பெற்று வாங்கலாம். பிறர் கொடுக்கப் பெறலாம். இவ்வாறு சட்டத்துக்கு உட்பட்டு ஒருவர் தம் கைக்குக் கொண்டுவரக் கூடிய உணவின் அளவையே சென் அவருடைய 'உரிமை' என்கிறார். மேடைகளில் நாம் முழங்கும் அரசியல் உரிமையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஒரு கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு வேளாண் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கு 3 கிலோ அரிசி கிடைக்கிறது என்று கொள்வோம். மாதம் 20 நாள் வேலை. ஆக மாதம் 60 கிலோ அரிசி அவர் குடும்பத்தின் உரிமை. வெள்ளம் வந்து வயல்கள் மூழ்கிவிட்டன, நடவு இல்லை, மாதம் 5 நாள்தான் வேலை. உரிமை 15 கிலோவாகச் சுருங்கிற்று. "இனி அரிசி கிடைக்காது" என்று வணிகர்கள் எண்ணியதால் விலை இரு மடங்காயிற்று. இப்போது உரிமை வெறும் ஏழரைக் கிலோ. ஊர்க் களஞ்சியத்திலோ சென்ற அறுவடையின் அரிசி ஒரு மணியும் குறையவில்லை! இருந்தும் அந்தக் குடும்பம் பட்டினி.

வெள்ளம் அந்தக் குடும்பத்தின் உணவை அழிக்கவில்லை, வேலையை அழித்தது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் நூலின் பாதி விளங்கிவிடும்.

வங்கதேசம் தரும் பாடம்

மேற்கூறியது வெறும் கற்பனையன்று என்பதற்கு 1974-ஆம் ஆண்டின் வங்கதேசப் பஞ்சத்தைச் சென் காட்டுகிறார். என் கருத்தில் நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

அந்த ஆண்டு சூன் முதல் செப்டம்பர் வரை பிரமபுத்திரா பெருகிற்று. செப்டம்பர் இறுதியில் அரசு பஞ்சத்தை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 6,000 கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டு, 43 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சமைத்த உணவு வழங்கப்பட்டது. நவம்பர் இறுதிக்குள் கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டுவிட்டன.

இங்கே பயிர் நாட்காட்டியைக் கையில் எடுங்கள். வெள்ளத்தால் சேதமடைந்தது முதன்மையாக 'ஆமன்' நெல். நம் சம்பாவைப் போன்ற நீண்ட காலப் பயிர் அது. அதன் அறுவடை நவம்பரில் தொடங்கிச் சனவரி வரை நடைபெறும். அதாவது, வெள்ளத்தில் இழந்த நெல் களத்துக்கு வந்திருக்க வேண்டிய காலத்துக்கு முன்பே பஞ்சம் வந்து, மக்களைக் கொன்று, போயும் விட்டது. 1971 முதல் 1975 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் தலைக்குக் கிடைத்த உணவு தானியம் மிகுதியாக இருந்த ஆண்டு 1974-தான் என்றும் சென் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

பின் எப்படிப் பஞ்சம் வந்தது? நடவு வேலை போயிற்று. எதிர்கால அச்சத்தால் விலை ஏறிற்று. வெளிநாட்டு உணவு உதவியும் அரசியல் காரணங்களால் தடைப்பட்டது. நிலமற்ற கூலித் தொழிலாளர் முதலில் வீழ்ந்தனர். விளைவு காரணத்துக்கு முன்னால் வர முடியாது என்ற எளிய தர்க்கத்தைக் கொண்டு, 'அறுவடை இழப்பே பஞ்சத்துக்குக் காரணம்' என்ற கூற்றைச் சென் தகர்க்கும் முறை ஒரு நல்ல அறிவியல் ஆய்வுக்கு ஒப்பானது.

வறட்சியும் கால்நடையும்

1973-இல் எத்தியோப்பியாவின் வோலோ மாநிலத்தில் நடந்தது வேறு வகை. அங்கே வறட்சி உண்மையாகவே உழவரின் பயிரைக் கருக்கியது. ஆனால் மாநிலத்தின் முதன்மைச் சந்தையான தெசியேயில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை. விலை ஏறவில்லையென்றால் பற்றாக்குறை இல்லை என்று பொருளா? இல்லை. பயிரை இழந்த உழவரிடம் வாங்குவதற்குக் காசு இல்லை. வாங்குவோர் இல்லாத சந்தையில் விலை எப்படி ஏறும்? பசித்தவர் வோலோவில் இருக்க, அங்கிருந்து தானியம் வெளியூர்களுக்குப் போன செய்தியையும் சென் குறிப்பிடுகிறார்.

அஃபார் என்னும் மேய்ச்சல் மக்களின் நிலை இன்னும் மோசம். மேய்ச்சல்காரர்கள் இறைச்சியையும் பாலையும் மட்டும் உண்டு வாழ்வதில்லை. ஆட்டையும் மாட்டையும் விற்றுத் தானியம் வாங்குவார்கள்; ஒரே விலைக்குத் தானியத்தில் கிடைக்கும் கலோரி இறைச்சியில் கிடைப்பதைவிட மிக அதிகம். வறட்சியில் கால்நடைகள் மடிகின்றன. மிஞ்சியவை மெலிகின்றன, எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் மாட்டுக்குக் கிடைக்கும் தானியமும் குறைகிறது. இழப்பு இரட்டிப்பாகிறது. போதாக்குறைக்கு, அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோடைக்காலத்தில் அவர்கள் நம்பியிருந்த மேய்ச்சல் நிலங்களைப் பருத்தி, கரும்புப் பண்ணைகள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. 'வேளாண் வளர்ச்சி' என்று நாம் பெயரிடும் ஒன்று, வேறொருவருடைய வறட்சிக்காலக் காப்பீட்டைப் பறித்திருக்கிறது. நூலில் இச்செய்தி சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

வங்கப் பஞ்சம்: இங்கேதான் வழக்கு

நூலின் புகழுக்கும் அதன்மீது எழுந்த கண்டனத்துக்கும் காரணமாக அமைந்தது 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். அப்போது சாந்திநிகேதனில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுவனாகச் சென் அதைக் கண்ணால் கண்டார்.

1942 அக்டோபர் 16 அன்று மேதினிப்பூர், 24 பர்கானா மாவட்டக் கரைகளைப் பெரும்புயல் தாக்கிற்று. கடல் உள்ளே புகுந்தது. சுமார் 14,500 மக்களும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகப் பின்னர் அமைந்த பஞ்ச விசாரணை ஆணையம் பதிவு செய்தது. அதற்கு முன்பே அவ்வாண்டு மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமாகி, பர்மா அரிசி நின்று போயிருந்தது. சப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று வங்கக் கரையோரப் படகுகளை அரசே அப்புறப்படுத்தியிருந்தது. படகு போனதும் மீனவர் பிழைப்பும் போயிற்று. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி, 1943 ஆகஸ்டு 20-இல் 37 ரூபாய் ஆயிற்று.

சென்னின் கணக்குப்படி, 1943-இல் வங்கத்தில் கிடைத்த உணவு, முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரியைவிட 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 13 விழுக்காடு அதிகம்! ஆகவே உணவுப் பற்றாக்குறை பஞ்சத்தை விளக்காது என்கிறார். யார் இறந்தார்கள் என்று பார்க்கும்போது அவர் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. வேளாண் கூலிகள், மீனவர், நெல் குத்துவோர், போக்குவரத்துத் தொழிலாளர் ஆகியோர் மிகுதியாக அழிந்தனர். வாரத்துக்குப் பயிரிடுவோர் அவ்வளவு அழியவில்லை. கூலியாளும் வாரதாரரும் ஏறத்தாழ ஒரே அளவு ஏழைகள்; ஆனால் ஒருவருக்குக் கூலி காசாகக் கிடைத்தது, மற்றவருக்குப் பங்கு நெல்லாகக் கிடைத்தது. விலை ஏறியபோது காசு கரைந்தது, நெல் கரையவில்லை. இதைக் கண்டு சொன்ன பெருமை சென்னுக்கே உரியது.

ஆனால் அந்த 5, 13 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? அறிவியல் மாணவர் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். 1942-ஆம் ஆண்டின் ஆமன் விளைச்சலை எவரும் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. பரப்பையும் விளைச்சலையும் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய புள்ளிவிவரங்களே அடிப்படை. முந்தைய ஆண்டுகளின் கையிருப்பு எவ்வளவு என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. இத்தகைய எண்களில் 5 விழுக்காடு என்பது பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடக் கூடியது.

இந்த இடத்தில் தாவர நோயியல் சாட்சி சொல்ல வருகிறது. கட்டாக் நகரில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல், அதாவது சென் நூலுக்கு எட்டாண்டு முன்பே, ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். 1942-இல் வங்க நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் பேரளவில் தாக்கியது என்பதே அதன் சாரம். இது ஒரு பூஞ்சை நோய். இலைகள் பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வித்துக்கள் முளைத்து உட்புகும். இலையில் பழுப்புப் புள்ளிகள் பரவப் பரவப் பச்சையம் குறையும். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் தாக்கினால் மணி நிறையாமல் பதராகும். ஊட்டமற்ற மண்ணில் வளரும் பயிர் விரைவில் அடிபடும். 1942-இல் ஆமன் பூத்து முற்றும் காலத்தில் வானம் வழக்கத்துக்கு மாறாக மேகமூட்டமாகவும் மழையாகவும் இருந்தது. சின்சுரா, பாங்குரா ஆராய்ச்சிப் பண்ணைகளில் பதிவான அளவுகளின்படி, நீண்ட கால இரகங்கள் சிலவற்றில் முந்தைய ஆண்டைவிட விளைச்சல் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பண்ணையில் பதிவானவை கண்மதிப்பு அல்ல, அளந்தெடுத்தவை.

இரண்டு பண்ணைகளின் அளவை வங்கம் முழுமைக்கும் நீட்டிவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் இந்தச் சான்றுக்கு நூலில் உரிய இடம் தரப்படவில்லை. 1986-இல் பீட்டர் பௌபிரிக்கும் 2003-இல் மார்க் டௌகரும் இக்குறையைக் கடுமையாகவே சுட்டினர். பௌபிரிக்குக்குச் சென் மறுமொழியும் எழுதினார். 2019-இல் காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விமல் மிஸ்ராவும் அவர் குழுவினரும் 1870 முதலான மண் ஈரத்தைக் கணினி வழி மீட்டுக் கணித்து, 1943 பஞ்சத்துக்கு மட்டும் வறட்சி காரணமன்று என்று அறிவித்தனர். இதைக் கேட்டதும் "சென் வென்றார்" என்று பலர் எழுதினர். இதிலும் எச்சரிக்கை தேவை. மண்ணில் ஈரம் இருந்தது என்பதால் பயிர் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. பழுப்புப் புள்ளிப் பூஞ்சைக்கு ஈரமல்லவா விருந்து!

அப்படியானால் சென் கருத்து பொய்யா? இல்லை. பற்றாக்குறை அவர் சொன்னதைவிடப் பெரிதாகவே இருந்திருந்தாலும், கூலியாள் ஏன் செத்தார், வாரதாரர் ஏன் பிழைத்தார் என்பதை நெல்லின் நோய் விளக்காது. அதை உரிமைக் கணக்குத்தான் விளக்கும். எவ்வளவு குறைந்தது என்பதற்குப் பயிர் அறிவியல் பதில் சொல்லும். குறைவு யார் தலையில் விழுந்தது என்பதற்குப் பொருளாதாரம் பதில் சொல்லும். சென் இரண்டாவது கேள்விக்கு அருமையாக விடை கூறிவிட்டு, அந்த உற்சாகத்தில் முதற் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட்டார் என்பதே என் குற்றச்சாட்டு.

தாது வருடமும் கஜாவும்

நம் பாட்டன்மார் சொல்லக் கேட்ட தாது வருடப் பஞ்சம் (1876-78) இந்நூலில் ஆராயப்படவில்லை. அப்போது பருவமழை உண்மையாகவே பொய்த்தது. மண் ஈர ஆய்வும் அதை உறுதிப்படுத்துகிறது. ஆயினும் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்துப் போராடினார். வறட்சி முதலில் அழிப்பது வயல்வேலையையும் கூலியையும்தான் என்று 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையமே எழுதி வைத்தது. எனவே சென் கருத்தின் விதை அவருக்கு நூறாண்டு முன்பே நம் அரசுக் கோப்புகளில் இருந்தது எனலாம்.

சென்னின் கணக்கு பெரும்பாலும் ஓர் ஆண்டுக் கணக்கு. இது இன்னொரு குறை. பஞ்சம் என்பது நெடுநாள் நிகழும் சரிவு; பட்டினிச் சாவு அதன் கடைசிப் படி மட்டுமே என்று அமிர்தா ரங்கசாமி 1985-இல் எடுத்துக்காட்டினார். இதை நாம் அண்மையில் கண்கூடாகக் கண்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெல் சாய்ந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். நெட்டைத் தென்னையை நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தோப்புக்காரருக்கு மட்டுமா இழப்பு? மரமேறுவோர், மட்டை உரிப்போர், கீற்று முடைவோர், கயிறு திரிப்போர் ஆகிய அனைவருடைய பல ஆண்டு உரிமையும் ஓர் இரவில் முறிந்தது. நிவாரணம் கணக்கிடும்போது சாய்ந்த மரங்களை எண்ணுவது எளிது. மரத்தை நம்பியிருந்த கைகளை எண்ணுவது கடினம். அந்த இரண்டாவது எண்ணிக்கையைக் கேட்கும் அறிவை இந்நூல் தருகிறது. ஆனால் அதைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்க்கும் முறையை நூல் தரவில்லை. அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

முடிவாக

நூலைப் படித்துவிட்டுச் சிலர், "பஞ்சத்துக்கும் வானிலைக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் அரசின் குற்றம்" என்று பேசுகிறார்கள். சென் அப்படிச் சொல்லவில்லை. உழவரின் சொந்த விளைச்சல் அழிவதும் உரிமை அழியும் ஒரு வகையே என்று வோலோவைக் காட்டித் தெளிவாகவே எழுதியிருக்கிறார். வேறு சிலர், "எல்லாம் பருவநிலை மாற்றம், மனிதர் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிக்கிறார்கள். இவர்களுக்கும் நூலில் விடை உண்டு. 1970 முதல் 1973 வரை மகாராட்டிரத்தில் கடும் வறட்சி. 1973 மே மாதத்தில் அங்கே ஏறத்தாழ 50 இலட்சம் பேருக்குச் சாலை, ஏரி, கிணறு என்று பொதுப் பணிகளில் வேலை தரப்பட்டது. கையில் கூலி இருந்ததால், வெளி மாநிலத் தானியம் தானாக அங்கே தேடி வந்தது. வானம் வறண்டது; பெரும் பஞ்சம் வரவில்லை. இச்செய்தியைச் சென், ழான் திரேசுடன் சேர்ந்து 1989-இல் எழுதிய மற்றொரு நூலில் விரிவாகக் காணலாம்.

மாணவர்கள் இந்நூலைப் படிக்க விரும்பினால், முதல் ஐந்து அதிகாரங்களின் நுட்பமான விளக்கங்களைக் கண்டு மிரள வேண்டாம். ஆறாம் அதிகாரமான வங்கப் பஞ்சத்தில் தொடங்கி ஒன்பதாம் அதிகாரமான வங்கதேசம் வரை படித்துவிட்டுப் பிறகு முன்னே திரும்புங்கள். பஞ்சத்தின் சாவுகள் பஞ்சம் முடிந்த பின்னும் மலேரியாவாகவும் அம்மையாகவும் தொடர்ந்ததைக் காட்டும் பின்னிணைப்பையும் விட்டுவிட வேண்டாம். ஆணையம் 15 இலட்சம் என்று சொன்ன சாவுகளைச் சென் 30 இலட்சம் வரை கணக்கிடுவது எப்படி என்பது அதில் இருக்கிறது.

இனி செய்தித்தாளில் "புயலால் இத்தனை ஏக்கர் பயிர் சேதம்" என்று படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது? இந்த ஏக்கர்க் கணக்கை எடுத்தவர் அளந்தாரா, கண்ணால் மதிப்பிட்டாரா? அந்த ஏக்கரில் நாளை வேலைக்குப் போக இருந்தவர் யார்? முதல் இரண்டு கேள்விகளைக் கேட்பதில் சென் சற்றுத் தவறினார். மூன்றாவது கேள்வியை உலகம் முழுவதையும் கேட்க வைத்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்நூல் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டும். ஒரு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பாக, பள்ளி நூலகங்களிலும் இருக்க வேண்டும்.